மார்ட்டின் லூத்தரும் என் கணக்கு நோட்டும்



எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. நான் செய்யும் நல்ல காரியங்களை நாற்பது பக்க நோட்டில் எழுதி வைப்பேன். ஆச்சிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தால் ஒரு டிக். கோயிலுக்குப் போனால் இரண்டு டிக். பொய் சொன்னால் சிவப்புக் கோடு. டிக் அதிகமாக இருந்தால் கடவுள் என்னைப் பாஸ் பண்ணிவிடுவார் என்று நினைத்தேன்.

அரையாண்டுத் தேர்வில் நான் வைத்திருந்த பிட்டு நழுவி, நண்பன் காலடியில் விழுந்தது. அடி வாங்கியது அவன். நான் வாயே திறக்கலை. அதுக்கு அப்புறம் எத்தனை டிக் போட்டாலும் கணக்கு நேராகலை.

அப்போதுதான் வரலாற்றுப் பாடத்தில் மார்ட்டின் லூத்தர் வந்தார். (அமெரிக்காவின் மார்ட்டின் லூத்தர் கிங் வேறு, இவர் வேறு.) நூலகத்தில் தேடி இவரைப் பற்றிப் படித்தேன்.

லூத்தர் 1483 நவம்பர் 10-ஆம் தேதி ஜெர்மனியின் ஐஸ்லேபன் ஊரில் பிறந்தார். அப்பா செம்புச் சுரங்கத் தொழில் செய்தவர். மகனை வக்கீலாக்க அவருக்கு ஆசை. 1505 ஜூலையில் லூத்தர் பயங்கரமான இடி மின்னலில் மாட்டிக்கொண்டார். உயிர் பிழைத்தால் துறவியாகிறேன் என்று நேர்ந்துகொண்டு, இரண்டே வாரத்தில் எர்ஃபர்ட் மடத்தில் சேர்ந்துவிட்டார். அப்பாவுக்குச் சரியான கோபம்!

மடத்தில் பட்டினி கிடந்தார். தூங்காமல் ஜெபம் செய்தார். மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்வார். ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்று மறுபடியும் பயப்படுவார். அவருடைய மூத்த துறவி ஸ்டாப்பிட்ஸே சலித்துப்போனாராம். படிக்கும்போது எனக்கு என் நோட்டுதான் ஞாபகம் வந்தது.

1512-இல் டாக்டர் பட்டம் பெற்று, விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் வேதாகமம் கற்பித்தார். கடவுளின் நீதி என்றாலே தண்டனைதான் என்று அதுவரை நடுங்கியவருக்கு, ரோமர் நிருபம் முதல் அதிகாரம் 17-ஆம் வசனம் வேறு வழி காட்டியது. அந்த நீதி நாம் சம்பாதிக்கும் கூலி இல்லை, கடவுள் இலவசமாகத் தருவது. விசுவாசம் என்பது அதை வாங்கக் கை நீட்டுவது என்று புரிந்துகொண்டார்.

அதனால்தான் காசுக்குப் பாவமன்னிப்புச் சீட்டு விற்றதை அவரால் பொறுக்க முடியவில்லை. 1517 அக்டோபர் 31-இல் 95 கருத்துகளை வெளியிட்டார். 1521-இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன்னால் நிறுத்தியபோதும் தாம் எழுதியதை மறுக்கவில்லை. வார்ட்பர்க் கோட்டையில் ஒளிந்திருந்து, சுமார் பதினொரு வாரத்தில் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் மொழிபெயர்த்தார்.

அப்படியென்றால் நல்லது செய்யவே வேண்டாமா? நானும் இதைத்தான் கேட்டேன். பழத்தைக் கட்டித் தொங்கவிட்டால் மரம் நல்ல மரமாகாது, நல்ல மரமானால் பழம் தானே காய்க்கும் என்பது அவர் எண்ணம். 1527-இல் விட்டன்பர்க்கில் பிளேக் பரவியது. பலர் ஊரைவிட்டு ஓடினார்கள். லூத்தர் ஓடாமல் நோயாளிகளைக் கவனித்தார்.

அவரிடமும் பெரிய குறைகள் உண்டு. 1543-இல் யூதர்களுக்கு எதிராகக் கொடூரமாக எழுதினார். அதை யாரும் நியாயப்படுத்த முடியாது. மன்னிப்பைப் பற்றி எழுதியவருக்கே மன்னிப்பு தேவைப்பட்டது. 1546 பிப்ரவரி 18-இல் பிறந்த ஊரிலேயே இறந்தார். இந்த விசுவாச விஷயத்தில் கத்தோலிக்க, லூத்தரன் சபைகள் 1999-இல் பொதுவான ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டன.

படித்து முடித்த மறுநாள் நண்பனிடமும் சாரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். தண்டனை கிடைத்தது. நண்பன் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஆனால் ராத்திரி தூக்கம் வருது.

அதுக்கு நான் டிக் போடலை. நோட்டின் மிச்சப் பக்கங்களில் இப்போது அல்ஜீப்ரா போட்டுப் பார்க்கிறேன்.

— பத்தாம் வகுப்பு மாணவன்