நாடித் துடிப்பும் நன்னடத்தையும்

சென்ற கோடை விடுமுறையில், ஒரு தனியார் நிறுவனத்தில் காசாளர் வேலைக்காக நேர்முகத் தேர்வுக்குச் சென்றிருந்தேன். பன்னிரண்டாம் வகுப்புக்கும் கல்லூரிக்கும் இடையே ஓராண்டு ஏன் விடுபட்டது என்று கேட்டார்கள். தந்தையார் நோயில் படுத்ததால் மளிகைக் கடையொன்றில் வேலை பார்த்தேன் என்று சொன்னேன். அந்தக் கடையில் கல்லாப் பணம் எப்போதாவது குறைந்ததுண்டா என்று அடுத்த கேள்வி வந்தது. இல்லை என்பதே உண்மை, அதையே சொன்னேன். ஆனால் நாக்கு உலர்ந்தது, குரல் நடுங்கியது, உள்ளங்கை வியர்த்தது. கேட்டவர் என் முகத்தை ஒரு முறை உற்றுப் பார்த்துவிட்டுத் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். வேலை கிடைக்கவில்லை.

அன்று என் கண்ணில் பட்டவையெல்லாம் மேசையும் தாளும் பேனாவும்தான். வேலை கேட்டு வந்தவரின் புயத்தில் பட்டையும் மார்பில் குழாயும் கட்டி, நாடித் துடிப்பைக் கொண்டு நேர்மையை அளக்கும் வழக்கம் அமெரிக்காவில் பல்லாண்டுக் காலம் பரவலாக இருந்தது. அதைப் பரப்பியதில் முதன்மையானவர் லியோனார்டு கீலர். அவருடைய வாழ்க்கையைப் படித்தபோது என் வியர்த்த உள்ளங்கைதான் நினைவுக்கு வந்தது. எனவேதான் தோழர்களோடு அதைப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

கீலர் 1903-ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலத்தின் பெர்க்லி நகரில் பிறந்தார். தந்தை சார்லஸ் கீலர் கவிஞர், பறவைகளை ஆராய்ந்தவர். ஓவிய மேதை லியோனார்டோ டாவின்சியின் நினைவாக மகனுக்குப் பெயரிட்டார். தாயைச் சிறு வயதிலேயே இழந்த அச்சிறுவனுக்குப் பாடப் புத்தகத்தைவிடக் கருவிகளிலும் சீட்டுக்கட்டு வித்தைகளிலுமே நாட்டம் மிகுதி. அந்த வித்தை பிற்காலத்தில் அவருக்குக் கை கொடுத்தது.

பெர்க்லியின் காவல்துறைத் தலைவர் ஆகஸ்ட் வால்மர், கைதிகளை அடித்து உண்மையை வரவழைக்கும் முறையை வெறுத்தவர். அவரிடம் பணிபுரிந்த ஜான் லார்சன், உடலியலில் டாக்டர் பட்டம் பெற்ற காவலர். இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் ஓடும் தாளில் தொடர்ந்து பதிவு செய்யும் கருவி ஒன்றை லார்சன் 1921-ல் அமைத்தார். பல்கலைக்கழக மாணவியர் விடுதியில் நடந்த ஒரு திருட்டே அதன் முதல் வழக்குகளில் ஒன்று. பள்ளிப் பருவத்தைத் தாண்டாத கீலர் இக்கருவியைக் கண்டு மயங்கி, லார்சனுக்கு எடுபிடியாகச் சேர்ந்தார்.

ஆசான் அமைத்த கருவி பருத்தது, பழுதடைவது. சீடர் அதைக் கையில் தூக்கிச் செல்லும் பெட்டியாகச் சுருக்கினார். 1931-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். தோலில் வியர்வையால் ஏற்படும் மாற்றத்தைக் குறிக்கும் பகுதி பின்னர் சேர்ந்தது. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பொய் என்பதற்கு உடலில் தனியான அடையாளம் ஏதும் இல்லை. கருவி பதிவு செய்வது இதயத்தின் படபடப்பை, மூச்சின் மாறுதலை, வியர்வையை மட்டுமே. படபடப்பு பொய்யால் வந்ததா, அச்சத்தால் வந்ததா, அவமானத்தால் வந்ததா என்பதைச் சொல்வது கருவியன்று. அருகில் அமர்ந்திருக்கும் மனிதர்.

1930-ல் கீலர் சிகாகோவில், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குற்றப் புலனாய்வு ஆய்வகத்தில் சேர்ந்தார். சோதனைக்கு முன் ஒரு சீட்டு வித்தை காட்டுவது அவர் வழக்கம். வந்தவர் ஒரு சீட்டை மனத்தில் கொள்ள வேண்டும். எந்தச் சீட்டைக் காட்டினாலும் அதுவன்று என்றே சொல்ல வேண்டும். பிறகு கீலர் வரைகோட்டைப் பார்த்துச் சரியான சீட்டை எடுத்து நீட்டுவார். இனி இதனிடம் எதையும் மறைக்க முடியாது என்ற அச்சம் வந்தவர் மனத்தில் வேரூன்றும். கருவி கண்டுபிடித்ததைவிட, கருவிக்கு அஞ்சி மனிதர்கள் தாமே ஒப்புக்கொண்டதே மிகுதி என்று கூறலாம்.

அந்த ஆண்டுகளில் சிகாகோ வங்கிகள் ஊழியர்களின் கையாடலால் திணறிக்கொண்டிருந்தன. கீலர் அவர்களுக்கு வழி காட்டினார். ஊழியர் அனைவரையும் சோதித்தார். சிறு தொகை எடுத்ததாக ஒப்புக்கொண்டவர்கள் பலர். அவர்களை விலக்க வேண்டாம், ஆண்டுதோறும் சோதனைக்கு உட்படுத்தினால் அச்சமே அவர்களைக் காக்கும் என்பது அவர் கருத்து. வேலையில் இருப்பவருக்கு வந்த சோதனை, வேலை கேட்டு வருபவருக்கும் வந்தது. குற்றம் நடந்த பின் ஐயத்திற்குரியவரைக் கேட்பது ஒன்று. குற்றமே நடவாதபோது வந்தவர் அனைவரையும் ஐயுறுவது வேறொன்று. இந்தக் கோட்டைக் கருவி சந்தடியின்றித் தாண்டிவிட்டது.

கீலரின் புகழ் ஓங்கியது. 1935-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் போர்ட்டேஜ் நகர நீதிமன்றத்தில் அவருடைய சோதனை முடிவு நடுவர் குழுவின் முன் வைக்கப்பட்டது. 1938-ல் ஆய்வகத்தை விட்டு விலகிச் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1945-ல், போருக்குப் பின் ஜெர்மனியில் காவல் பணியாற்ற முன்வந்த ஜெர்மானியப் போர்க்கைதிகளைச் சோதித்தார். மறு ஆண்டு, அணுகுண்டுக்கு யுரேனியம் தயாரித்த ஓக் ரிட்ஜ் நகரத் தொழிலாளர்களிடம் அவர் கருவி சென்றது. அங்கே பல ஆயிரம் பேர் அந்த நாற்காலியில் அமர்ந்தார்கள். 1953-ல் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1948-ல் வெளிவந்த ஒரு திரைப்படத்தில் கீலர் கீலராகவே தோன்றினார்.

புகழின் உச்சியில் உடல் அவரைக் கைவிட்டது. பிறருடைய இரத்த அழுத்தத்தை வாழ்நாளெல்லாம் அளந்தவர், தம்முடைய இரத்தக் கொதிப்பை அடக்க முடியாமல், 1949 செப்டம்பரில் பக்கவாதத்தால் மறைந்தார். அப்போது அவருக்கு 46 வயதுகூட நிறையவில்லை.

ஆசான் லார்சனோ மனநல மருத்துவராகி, சீடர் சென்ற வழியைக் கண்டு வருந்தினார். பஸ்மாசுரனுக்கு வரம் கொடுத்த கதையாகிவிட்டதே என்ற வேதனை 1965-ல் மறையும் வரை அவரை விடவில்லை.

அவ்வேதனை வீணன்று. அமெரிக்க உளவுத் துறையிலேயே இருந்து சோவியத் நாட்டுக்கு உளவு சொன்ன ஆல்ட்ரிச் ஏம்ஸ், 1986-லும் 1991-லும் இச்சோதனையில் தேறினார். 2003-ல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டியது. 10,000 ஊழியரில் 10 பேர் உளவாளிகள் என்று கொள்வோம். அவர்களில் 8 பேரைப் பிடிக்கும் அளவுக்குச் சோதனையைக் கடுமையாக்கினால், அவர்களோடு குற்றமற்றவர் ஏறத்தாழ 1,600 பேரும் சிக்குவார்கள். இதற்கு முன்பே, 1988-ல், தனியார் நிறுவனங்களில் பெரும்பாலானவை வேலைக்கு வருவோரை இவ்வாறு சோதிக்கக் கூடாது என அமெரிக்கா சட்டம் இயற்றியது. அரசுப் பணிகளுக்கு அந்தத் தடை இல்லை. நம் நாட்டு உச்ச நீதிமன்றமும், ஒருவருடைய சம்மதமின்றி இச்சோதனையைச் செய்யக் கூடாது என 2010-ல் தீர்ப்பளித்தது.

கீலரை வஞ்சகர் என்று நான் சொல்லவில்லை. தடியடிக்குப் பதிலாக அறிவியல் என்ற நல்ல எண்ணத்தில்தான் அந்தக் கருவி பிறந்தது. ஆனால் நேர்மை என்பது அரை மணி நேரத்தில் அளக்கக்கூடிய பொருள் என்று அவர் நம்பினார். மற்றவர்களையும் நம்ப வைத்தார். பிழை அங்கேதான் நேர்ந்தது. அந்த 1,600 பேரில் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு இருக்கும். அந்த வீட்டில் சம்பளத்தை எதிர்பார்த்து ஓர் அம்மா இருப்பார்.

ஒருவரை நம்பி வேலையை ஒப்படைக்கும் முன் ஆராய வேண்டாமா எனக் கேட்கலாம். வேண்டும். வள்ளுவர் இதற்கென்றே ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரம் வகுத்தார். குணத்தையும் குற்றத்தையும் சீர்தூக்கிப் பார்க்கச் சொன்ன அவர், ஒருவருடைய செயலையே உரைகல்லாகக் கொண்டார். செயலைக் காணக் காலம் வேண்டும். கூடப் பழக வேண்டும். மூன்றாண்டு நம்மைப் பார்த்த பேராசிரியர் எழுதித் தரும் நன்னடத்தைச் சான்றிதழை நாம் வெறும் காகிதமாக எண்ணிக் கோப்பில் செருகிவிடுகிறோம். பேராசிரியப் பெருமக்களும் சில வேளை அவ்வாறே கையொப்பமிடுகிறார்கள் என்று பணிவோடு சொல்வேன். அந்தக் காகிதத்தை உண்மையாக எழுதுவதும், அதற்கு உரியவராக வாழ்வதும் நம் இரு சாராரின் கடமை.

அடுத்த மாதம் எனக்கு இன்னொரு நேர்முகத் தேர்வு இருக்கிறது. மளிகைக் கடையைப் பற்றி மறுபடியும் கேட்பார்கள். உள்ளங்கை வியர்க்கும், வியர்க்கட்டும். சொல்லப்போவது உண்மை. கடைக்காரரிடமே விசாரித்துக்கொள்ளுங்கள் என்று இம்முறை அவருடைய முகவரியையும் எழுதிக்கொண்டு போகிறேன்.

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)