நம் மண்ணின் மனிதர்கள்: பாவலர் வரதராஜன்

இளையராஜாவின் பாட்டு ஒலிக்காத வீடு நம் குடியிருப்பில் இருக்காது. காலை நடைப்பயிற்சி, கார் பயணம், பொங்கல் விழா என்று எங்கும் அவர்தான். ஆனால் அவரை முதன்முதலில் மேடை ஏற்றிய அண்ணனின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? இந்த இதழில் அவரைப் பற்றிப் பார்ப்போம்.

மதுரையிலிருந்து தேனி, போடி வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் பண்ணைப்புரம் வரும். இப்போது தேனி மாவட்டம். 1996 வரை அதுவும் நம் மதுரை மாவட்டம்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள அந்த ஊர்தான் வரதராஜனின் ஊர். பாட்டு எழுதுவார், மெட்டுப் போடுவார், ஆர்மோனியம் வாசிப்பார், பாடவும் செய்வார். அதனால்தான் மக்கள் அவரைப் பாவலர் என்று அழைத்தார்கள். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளே அவருடைய அரங்கம்.

ஐம்பதுகளில் கிராமத்தில் டிவி கிடையாது. ரேடியோ கூட ஓரிரு வீடுகளில்தான். பொதுக்கூட்டம் என்றால் ஊரே திரண்டு வரும், பாதிப் பேர் பாட்டு கேட்பதற்காகவே வருவார்கள். பாவலர் ஒரு நாட்டுப்புற மெட்டையோ, அப்போது பிரபலமான சினிமா மெட்டையோ எடுத்துக்கொண்டு, அதில் தன் சொற்களை வைத்துப் பாடுவார். மெட்டு ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும், எனவே கவனம் முழுவதும் சொல்லுக்குப் போகும். ஒரு முறை கேட்டால் போதும், மறுநாள் வயலில் அதே பாட்டு ஒலிக்கும். அன்று காங்கிரஸின் சின்னம் இரட்டைக் காளை. அந்தக் காளைகளை வைத்து அவர் கட்டிய கேலிப் பாட்டு பலருக்கும் மனப்பாடம்.

அவருடைய பாட்டின் பலம் தெரிந்தது 1958இல். அதற்கு முந்தைய ஆண்டு கேரளத்தில் கம்யூனிஸ்ட் ஆட்சி அமைந்திருந்தது. 126 இடங்களில் கட்சிக்கு 60, ஆதரவு சுயேச்சைகள் 5 பேர். ஒவ்வொரு இடமும் முக்கியமான நிலையில் தேவிகுளம் தொகுதியின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகி, இடைத்தேர்தல் வந்தது. அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மலையாளத்தில் எவ்வளவு பேசினாலும் அவர்களைத் தொட முடியாது. போடிமெட்டு வழியாக மலை ஏறிப் போன பாவலர், எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாடினார். ரோசம்மா புன்னூஸ் மீண்டும் வென்றார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு என்று இன்றும் பேசப்படுகிறது.

தம்பி ராசையா, அதாவது இளையராஜா, பதினான்கு வயது வாக்கில் அண்ணனோடு ஊர் சுற்றக் கிளம்பினார். உடையாத சிறுவனின் குரல் என்பதால் பெண் குரலில் பாடும் வேலை அவருக்கு. குரல் உடைந்ததும் அந்த இடத்துக்குக் கடைக்குட்டி அமர்சிங் வந்தார். அவர்தான் கங்கை அமரன். இன்னொரு தம்பி பாஸ்கரும் சேர, பாவலர் பிரதர்ஸ் குழு ஊர் ஊராகப் போனது. அண்ணனின் ஆர்மோனியத்தைத் தொடத் தம்பிகளுக்கு அனுமதி இல்லை, தொட்டால் அடி விழும். அவர் இல்லாத நேரத்தில் திருட்டுத்தனமாக வாசித்தே ராசையா கற்றுக்கொண்டார். கோவை உக்கடத்தில் 85 ரூபாய்க்கு வாங்கிய அந்தப் பெட்டியைப் பற்றி இளையராஜா மேடைகளில் சொல்லியிருக்கிறார். 1964இல் நேரு மறைந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு மெட்டமைத்ததும் இந்தக் குழுவில் இருந்தபோதுதான்.

1968இல் தம்பிகள் சென்னைக்குப் போனார்கள். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையும் கிதாரும் கற்றார் இளையராஜா. பாவலர் 1973இல் காலமானார். அன்னக்கிளி வெளிவந்தது 1976இல். வயல்காட்டு மெட்டு தமிழ்நாடு முழுக்க ஒலித்தபோது, அதே மெட்டுகளைப் பல ஆண்டுகள் மேடையில் பாடிப் பழக்கிய அண்ணன் அதைக் கேட்க இல்லை.

ஊர் ஊராகப் போய்ப் பாடிப் பெயர் எடுப்பது உலகம் முழுக்க உண்டு. 1980இல் அமெரிக்காவின் ஏதென்ஸ் என்ற கல்லூரி நகரத்தில் ஆர்.இ.எம். என்று நான்கு இளைஞர்கள் குழு அமைத்தார்கள். வேனில் சுற்றிச் சின்னச் சின்ன அரங்குகளில் வாசித்தார்கள். கிதார் கம்பி கணீரென்று ஒலிக்கும் எளிய பாட்டுகள்தான் அவர்களுக்கும் பெயர் வாங்கிக் கொடுத்தன. அதே எண்பதுகளில்தான் நம் வீடுகளிலும் கேசட்டில் கிதார் ஒலித்தது. 1982இல் வந்த பயணங்கள் முடிவதில்லை படத்தின் நிலாப் பாட்டை மறக்க முடியுமா? அந்தக் கிதாரை மெட்டுக்குள் வைத்த கைக்கு, கூட்டத்தின் காது எதைப் பிடித்துக்கொள்ளும் என்று கற்றுக்கொடுத்தது பாவலரின் மேடை.

தம்பிகள் தங்கள் படக் கம்பெனிக்கு அண்ணன் பெயரையே வைத்தார்கள். 1981இல் வந்த அலைகள் ஓய்வதில்லை பாவலர் கிரியேஷன்ஸ் படம். எழுத்துப் போடும்போது அந்தப் பெயரைப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கானோர், அது யார் என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்.

நம் குடியிருப்பில் எழுபதைத் தாண்டிய பெரியவர்கள் பலர் இருக்கிறீர்கள். கம்பம், போடி, உசிலம்பட்டி பக்கத்துக்காரர்களும் உண்டு. அந்தக் காலத்தில் பாவலர் பாடிக் கேட்டவர்கள் இருந்தால், அந்த நினைவைச் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அடுத்த இதழில் வெளியிடுவோம். குறைந்தபட்சம் பேரப்பிள்ளைகளிடமாவது சொல்லுங்கள். அடுத்த முறை மூணாறுக்குப் போகும்போது வழியில் ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்தி, அவர் கதையைச் சொல்லலாம்.