கப்பலில் படித்த பாடம்

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலையில் உள்ளது சென்னீர்குப்பம். சென்னையின் இந்த மேற்குப் பக்கத்தில் தொழிற்சாலைகள் நிறைய. ஷிப்ட் முடிந்து மூன்று தொழிலாளிகள் பஸ்சுக்காக நிற்பதாக வைத்துக்கொள்வோம். இருவருக்குக் காது கேட்காது. கைகளாலேயே ஏதோ பேசி, விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மூன்றாமவருக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனால், என்ன வேடிக்கை என்று புரியாமல் விழிக்கிறார். குட்டீஸ், இப்போது சொல்லுங்கள்... அந்த இடத்தில் குறை யாருக்கு?

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்த மூன்றாமவரைப் போல விழித்து நின்றவர்தான் தாமஸ் ஹாப்கின்ஸ் கேலடெட்.

அமெரிக்காவில், பிலடெல்பியா நகரில் 1787-ம் ஆண்டு டிசம்பர் 10-ம் தேதி பிறந்தார் கேலடெட். பிறகு குடும்பம் ஹார்ட்போர்டு என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. படிப்பில் கெட்டிக்காரர். 17 வயதிலேயே யேல் கல்லூரியில் பட்டம் வாங்கிவிட்டார். உடம்புதான் ஒத்துழைக்கவில்லை, அடிக்கடி நோய்வாய்ப்பட்டார். பாதிரியார் ஆவதற்கான படிப்பையும் 1814-ல் முடித்தார்.

அந்தக் கோடையில் வீட்டுக்கு வந்திருந்தபோது, தோட்டத்தில் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்தார். ஒரு சிறுமி மட்டும் ஒதுங்கி நின்றாள். பக்கத்து வீட்டு டாக்டர் காக்ஸ்வெல்லின் மகள் ஆலிஸ். இரண்டு வயதில் வந்த காய்ச்சலால் காது கேட்கும் திறனை இழந்தவள். கேலடெட் தன் தொப்பியைக் கழற்றி அவளிடம் காட்டினார். ஒரு குச்சியால் தரையில் தொப்பி என்று எழுதினார். இந்தப் பொருளுக்கு இந்த எழுத்துகள் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது! அடுத்தடுத்து மற்றப் பொருள்களுக்கும் எழுதிக் காட்டச் சொல்லி நச்சரித்தாளாம்.

ஆனால், தரையில் எத்தனை சொற்களைத்தான் எழுதுவது? ஆலிஸைப் போன்றவர்களுக்கு அப்போது அமெரிக்காவில் நிலையான பள்ளி ஒன்றுகூட இல்லை. டாக்டர் காக்ஸ்வெல் ஊர்ப் பெரியவர்களிடம் நிதி திரட்டினார். காது கேளாதோருக்குக் கற்பிக்கும் முறையைத் தெரிந்துகொண்டு வரும்படி 1815-ல் கேலடெட்டை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள்.

முதலில் போனது பிரிட்டனுக்கு. அங்கே இப்படிப்பட்ட பள்ளிகள் பிரெய்ட்வுட் என்ற குடும்பத்தார் கையில் இருந்தன. கற்பிக்கும் முறையைத் தொழில் ரகசியமாகப் பூட்டி வைத்திருந்தார்கள் அவர்கள். கேலடெட் பல ஆண்டுகள் தங்கி வேலை செய்ய வேண்டும், கற்றதை வெளியே சொல்லக்கூடாது என்று நிபந்தனை விதித்தார்கள். சமையல் குறிப்பை மறைக்கலாம். பாடம் சொல்லித் தரும் முறையை மறைப்பார்களா? கேலடெட் மறுத்துவிட்டார். கையில் இருந்த பணமும் காலமும் கரைந்துகொண்டிருந்தன.

நல்லவேளையாக, லண்டனில் சிக்கார் என்ற பிரெஞ்சுப் பாதிரியாரைச் சந்தித்தார். பாரிஸில் இருந்த காது கேளாதோர் பள்ளியின் தலைவர் அவர். அந்தப் பள்ளியைத் தொடங்கிய தெ லெப்பே என்ற பாதிரியார், காது கேளாத இரண்டு சகோதரிகளுடன் பழகியதிலிருந்துதான் இந்தப் பணிக்கு வந்தவர். அங்கே ரகசியம் எதுவும் இல்லை. கேலடெட்டைப் பாரிஸுக்கு வரச் சொன்னார் சிக்கார்.

1816-ல் பாரிஸ் பள்ளியில் மாணவராக உட்கார்ந்தார் கேலடெட். ஆசிரியர்கள் யார் தெரியுமா? மாஸ்யூ, லாரென்ட் கிளர்க் என்ற இருவர். இருவருமே காது கேளாதவர்கள்! உலகம் யாரை ஒன்றும் தெரியாதவர்கள் என்று ஒதுக்கியதோ, அவர்களிடம் ஒரு பட்டதாரி விரல்களை மடக்கி நீட்டிப் பாடம் படித்தார். சில மாதங்களில் ஒரு மொழி முழுவதும் வந்துவிடுமா? வராது. ஊர் திரும்பும் நாளும் நெருங்கிவிட்டது. அதனால், கிளர்க்கையே தன்னுடன் அமெரிக்கா வருமாறு அழைத்தார்.

கிளர்க்குக்கு அப்போது வயது 30. ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. பாரிஸில் நல்ல வேலை இருந்தது. இருந்தும் சம்மதித்தார். இந்தத் துணிச்சலுக்காக, கேலடெட்டைவிட ஒரு படி மேலே கிளர்க்கை வைக்கலாம் என்று தோன்றுகிறது.

1816 ஜூன் 18-ம் தேதி, மேரி அகஸ்டா என்ற பாய்மரக் கப்பல் பிரான்ஸிலிருந்து புறப்பட்டது. 52 நாள் பயணம். சுற்றிலும் கடல், வேறு வேலை இல்லை. கேலடெட்டுக்கு சைகை மொழி சொல்லித் தந்தார் கிளர்க். கிளர்க்குக்கு ஆங்கிலம் சொல்லித் தந்தார் கேலடெட். ஆங்கிலத்தில் பழகுவதற்காகக் கப்பலில் தினமும் டைரி எழுதினார் கிளர்க். இருவரும் ஒருவருக்கு ஒருவர் ஆசிரியர். ஒருவருக்கு ஒருவர் மாணவர். ஆகஸ்ட் 9-ம் தேதி கப்பல் நியூயார்க் வந்து சேர்ந்தது.

ஊர் ஊராகப் போய் இருவரும் நிதி திரட்டினார்கள். 1817 ஏப்ரல் 15-ம் தேதி ஹார்ட்போர்டில் பள்ளி திறக்கப்பட்டது. முதல் நாள் 7 மாணவர்கள். அவர்களில் ஆலிஸும் ஒருத்தி! கிளர்க் கொண்டுவந்த பிரெஞ்சு சைகைகளுடன், மாணவர்கள் தங்கள் ஊர்களிலிருந்து கொண்டுவந்த சைகைகளும் கலந்தன. அப்படி உருவானதுதான் அமெரிக்க சைகை மொழி. பேசும் மொழி ஆங்கிலமே ஆனாலும், அமெரிக்க சைகை மொழி பிரிட்டனின் சைகை மொழியைவிடப் பிரெஞ்சு சைகை மொழிக்கே நெருக்கமாக இருப்பதன் காரணம் இதுதான். பிரெய்ட்வுட் குடும்பம் மட்டும் கதவைத் திறந்திருந்தால் கதையே மாறியிருக்கும்!

அந்தப் பள்ளியில் படித்த சோபியா பவுலர் என்ற காது கேளாத பெண்ணை 1821-ல் கேலடெட் மணந்தார். எட்டுக் குழந்தைகள். அம்மாவுடன் கைகளால் பேசியே அவர்கள் வளர்ந்தார்கள். 1830-ல் பள்ளிப் பொறுப்பிலிருந்து விலகினார் கேலடெட். அதே ஆண்டு டிசம்பரில் டாக்டர் காக்ஸ்வெல் இறந்தார். அந்தத் துயரம் தாங்காமல் சில நாட்களிலேயே ஆலிஸும் இறந்துபோனாள். வயது 25-தான். கேலடெட் 1851 செப்டம்பர் 10-ம் தேதி காலமானார்.

அவருடைய கடைசி மகன் எட்வர்ட், வாஷிங்டனில் காது கேளாதோருக்கான பள்ளியை நடத்தினார். அது பட்டம் வழங்க அனுமதிக்கும் சட்டத்தில் 1864-ல் கையெழுத்திட்டவர் ஆபிரகாம் லிங்கன். அதுவே இன்றைய கேலடெட் பல்கலைக்கழகம். 1880-ல் இத்தாலியின் மிலன் நகரில் கூடிய ஆசிரியர்கள், இனிப் பள்ளிகளில் சைகை வேண்டாம், வாய்ப்பேச்சு மட்டும் போதும் என்று முடிவெடுத்தபோது, அதை எதிர்த்தவர்களில் எட்வர்டும் ஒருவர். அந்த முடிவால் பல நாடுகளில் வகுப்பறைக் கைகள் கட்டப்பட்டன. சைகையும் இலக்கணம் உள்ள முழுமையான மொழியே என்று 1960-ல் எடுத்துக்காட்டினார் வில்லியம் ஸ்டோக்கி. அவர் இதே கேலடெட்டில் வேலைக்குச் சேர்ந்து, காது கேளாத சக ஆசிரியர்களுடன் பழகிய ஆங்கிலப் பேராசிரியர்.

நம் நாட்டுக்கும் தனி சைகை மொழி உண்டு. இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2015-ல் டெல்லியில் தொடங்கப்பட்டது. 2021-ல் அதன் அகராதி 10,000 சொற்களைத் தொட்டது.

இன்னொரு சுவையான செய்தி. காது கேளாதோர் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் வைப்பார்கள். சிறு வயதில் தீயில் விழுந்த கிளர்க்கின் கன்னத்தில் தழும்பு இருந்தது. அதனால், இரண்டு விரல்களால் கன்னத்தைத் தடவினால் கிளர்க் என்று பொருள். கேலடெட் மூக்குக்கண்ணாடி அணிந்தவர். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் கண் ஓரத்தில் வைத்து, கண்ணாடியின் காம்பு போலப் பின்னால் இழுத்தால் அதுதான் கேலடெட். அவர் பெயரில் உள்ள பல்கலைக்கழகத்துக்கும் இன்றுவரை அதே சைகைதான்.