யோஷிதா: கையெழுத்து மட்டும் அவருடையது

இரண்டாம் உலகப் போரில் தோற்றுச் சாம்பல் மேடாகக் கிடந்த ஜப்பானைத் தூக்கி நிறுத்தியவர்களில் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர் ஷிகேரு யோஷிதா. ஐந்து தடவை மந்திரிசபை அமைத்தவர். குட்டையான உருவம், மூக்குக் கண்ணாடி, வாயில் எப்போதும் சுருட்டு. யார் பேச்சையும் கேட்காமல் தன் இஷ்டப்படி நடப்பவர் என்பதால் ஜப்பானியப் பத்திரிகைகள் அவருக்கு 'ஒன்மேன்' என்று பட்டப்பெயர் சூட்டியிருந்தன.

அப்படிப்பட்ட பிடிவாதக்காரர், 1951-ம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முதல் நாள் தேதியிட்ட ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். கடிதத்தின் வாசகம் அமெரிக்கர்கள் எழுதிக் கொடுத்தது. அந்த ஒரு கடிதம் இருபது ஆண்டுகள் ஜப்பானின் சீனக் கொள்கையைக் கட்டிப்போட்டது. அடுத்த வீட்டுக்காரனான சீனாவோடு உறவு வேண்டும் என்று நினைத்த ஒருவர் இதற்கு எப்படிச் சம்மதித்தார் என்பது, வல்லரசுகளோடு நட்புக் கொள்ளும் நாடுகள் எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

தத்துப்பிள்ளை

யோஷிதா 1878 செப்டம்பர் 22-ந் தேதி டோக்கியோவில் பிறந்தார். அவரைப் பெற்ற தந்தை தகெயூச்சி ஓர் அரசியல்வாதி. மகன் பிறந்த ஆண்டில் அவர் அரசாங்கத்துக்கு எதிரான சதியில் சம்பந்தப்பட்டதாகச் சிறையில் இருந்தார். குழந்தை, தந்தையின் நண்பரான கென்சோ யோஷிதாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டது. கென்சோ, யோகோஹாமா துறைமுகத்தில் ஆங்கிலேயக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து, பிறகு சொந்தத் தொழிலில் பெரும் பணம் சேர்த்தவர். பையனுக்கு 11 வயதானபோது அவர் இறந்தார். சொத்து முழுவதும் பிள்ளைக்கு வந்தது.

1906-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து முடித்த யோஷிதா, அதே ஆண்டில் வெளிநாட்டு இலாகாவில் சேர்ந்தார். 1909-ல் அரண்மனையிலும் அரசியலிலும் செல்வாக்குப் பெற்ற மகினோவின் மகளை மணந்தார். முதல் உலகப் போருக்குப் பின் 1919-ல் பாரிசில் நடந்த சமாதான மாநாட்டுக்கு மாமனாருடன் சென்று வந்தார்.

சீனாவில் கற்ற பாடம்

அவருடைய உத்தியோக வாழ்க்கையில் பெரும் பகுதி சீனாவில் கழிந்தது. முக்டன், ஆன்டுங், சினான், டீன்ட்சின் என்று பல ஊர்களில் ஜப்பானியத் துணைத் தூதரகங்களில் வேலை பார்த்தார். 1920-களில் சீனாவிடம் கருணை காட்டியவர் அல்ல அவர். மஞ்சூரியாவில் ஜப்பானின் பிடி இறுக வேண்டும் என்று வாதாடிய அதிகாரிகளில் அவரும் ஒருவர். ஆனால் அங்கே இருந்த ஆண்டுகளில் ஒன்றை நேரில் கண்டார். ஜப்பானின் உலைகளுக்கு நிலக்கரியும் இரும்புத் தாதுவும், சமையலறைக்குச் சோயா மொச்சையும் உப்பும் சீனாவிலிருந்து வந்தன. ஜப்பானிய ஆலைத் துணிக்குச் சந்தையும் அங்கேதான் இருந்தது.

ராணுவத்தோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. 1936-ல் அவரை வெளிநாட்டு மந்திரியாக்க நடந்த முயற்சியை ராணுவம் தடுத்தது. பிறகு லண்டனில் தூதராக இருந்தபோது, ஹிட்லரின் ஜெர்மனியோடு கூட்டுச் சேருவதை எதிர்த்தார். 1938-ல் லண்டன் பதவி முடிந்தது. போரைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று முயன்ற கோஷ்டியில் இருந்ததற்காக 1945 ஏப்ரலில் ராணுவப் போலீசார் அவரைக் கைது செய்தனர். சுமார் ஆறு வாரம் சிறையில் இருந்தார். நான்கு மாதத்தில் ஜப்பான் சரணடைந்தது. அந்தச் சிறைவாசமே அமெரிக்கர்களிடம் அவருக்கு நற்சாட்சிப் பத்திரமாக அமைந்தது.

வெளிநாட்டு மந்திரியானார். 1946 மே மாதம் பிரதமரானார். 1947-ல் பதவி இழந்து, 1948 அக்டோபரில் மறுபடி வந்தார். 1954 டிசம்பர் வரை அவர் ஆட்சிதான்.

வாசலில் வந்த தடை

பிரதமர் என்று பெயரே தவிர, நாடு அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தரின் கையில் இருந்தது. அந்நிய ராணுவம் என்றைக்கு அதிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கும் என்பதே யோஷிதாவின் ஒரே கவலை.

இதற்கிடையில் 1949 அக்டோபரில் சீனாவில் கம்யூனிஸ்டு ஆட்சி வந்தது. தோற்ற சியாங் கை ஷேக் தைவான் தீவுக்குப் போய் அங்கே தன் அரசை நடத்தினார். பிரிட்டன் 1950 ஜனவரியில் பீகிங் அரசை அங்கீகரித்தது. அமெரிக்கா தைவான் அரசைத்தான் சீனா என்றது. 1950-ல் கொரியா போர் மூண்டது. சீனப் படைகள் அதில் இறங்கின. 1951 மே 18-ந் தேதி ஐ.நா. பொதுச்சபை, சீனாவுக்கு ஆயுதம், பெட்ரோலியம், போருக்கு உதவும் பொருள்கள் எதையும் அனுப்பக் கூடாது என்று தீர்மானம் போட்டது. ஆக்கிரமிப்பில் இருந்த ஜப்பானின் சீன வியாபாரத்தை அமெரிக்கர்கள் அதற்கு முன்பே நிறுத்தியிருந்தனர்.

யோஷிதா கம்யூனிஸ்டுகளுக்கு ஜன்ம விரோதி. ஆனாலும் சீனா என்றென்றைக்கும் மாஸ்கோவின் பின்னால் போகாது என்பது அவர் கணிப்பு. வியாபாரத்தை விட்டு வைத்தால் அந்தப் பிரிவு சீக்கிரம் வரும் என்று நினைத்தார்.

1951 செப்டம்பர் 8-ந் தேதி சான்பிரான்சிஸ்கோவில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 48 நாடுகள் ஜப்பானோடு ஒப்பமிட்டன. எந்தச் சீனாவைக் கூப்பிடுவது என்று அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் ஒத்துவராததால் இரண்டு சீனாவுக்கும் அழைப்பு இல்லை. சுதந்திரம் பெற்றபின் ஜப்பானே தன் விருப்பப்படி முடிவு செய்யட்டும் என்று இரு நாடுகளும் பேசி வைத்திருந்தன. இந்தியா அந்த மாநாட்டுக்கே போகவில்லை. சீனா விலக்கப்பட்டதும், அமெரிக்கப் படைகள் ஜப்பானில் தொடர்ந்து தங்குவதும் நேருவுக்குப் பிடிக்கவில்லை. 1952 ஜூன் 9-ந் தேதி இந்தியா தனியாக ஜப்பானோடு உடன்படிக்கை செய்துகொண்டு, நஷ்டஈட்டையும் விட்டுக்கொடுத்தது.

56 செனட்டர்கள்

உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. அமெரிக்க செனட் சபை மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் அதை ஏற்க வேண்டும். அப்போது செனட்டில் 96 பேர். அவர்களில் 56 பேர் செப்டம்பரிலேயே ஜனாதிபதி ட்ரூமனுக்குக் கடிதம் எழுதினர். ஜப்பான் பீகிங்கோடு உறவு கொள்ளும் என்றால் அதைத் தாங்கள் ஏற்க முடியாது என்பது அதன் சாரம். 33 பேர் எதிர்த்தாலே உடன்படிக்கை விழுந்துவிடும். விழுந்தால் ஆக்கிரமிப்பு தொடரும்.

இந்த நேரத்தில், அக்டோபர் கடைசியில் ஜப்பானியப் பார்லிமெண்டில் பேசிய யோஷிதா, ஷாங்காயில் வர்த்தக அலுவலகம் திறக்கலாம் என்ற கருத்தை வெளியிட்டார். வாஷிங்டன் விழித்துக்கொண்டது. டிசம்பரில் அமெரிக்கப் பிரதிநிதி டல்லஸ், ஸ்பார்க்மன், ஸ்மித் என்ற இரண்டு செனட்டர்களோடு டோக்கியோ வந்து இறங்கினார். ஸ்பார்க்மன் ஒரு கட்சி, ஸ்மித் மறு கட்சி. எந்தக் கட்சியும் விட்டுக்கொடுக்காது என்பதை யோஷிதா கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு.

தைவான் அரசோடு உடன்படிக்கை செய்யத் தயார், பீகிங்கோடு செய்யும் உத்தேசம் இல்லை என்று டல்லசுக்கு யோஷிதா எழுத வேண்டும். அந்தக் கடிதத்தின் நகலை டல்லஸ் தரப்பே தயாரித்துக் கொடுத்தது. டிசம்பர் 24-ந் தேதியிட்டு யோஷிதா கையெழுத்திட்டார். 1952 ஜனவரி 16-ந் தேதி அது வெளியானதும் பிரிட்டன் ஏமாற்றப்பட்டதாக எரிச்சலடைந்தது. வெளிநாட்டு மந்திரி ஈடன் அப்போதுதான் அமெரிக்காவில் பேச்சு வார்த்தை நடத்தியிருந்தார். பிரிட்டனுக்கு இதில் சொந்தக் கவலையும் உண்டு. சீனச் சந்தை மூடப்பட்டால் ஜப்பானியத் துணி தென்கிழக்கு ஆசியாவுக்குத் திரும்பி, லங்காஷயர் ஆலைகளின் வயிற்றில் அடிக்கும் என்று அஞ்சியது.

மார்ச் 20-ந் தேதி செனட் 66-க்கு 10 என்ற ஓட்டில் உடன்படிக்கையை ஏற்றது. ஏப்ரல் 28-ந் தேதி ஜப்பான் சுதந்திர நாடாயிற்று. அதே நாள், சில மணி நேரம் முன்பாக, தைபேயில் சியாங் அரசோடு ஜப்பான் தனி உடன்படிக்கை செய்து முடித்தது.

விட்டதும் வைத்ததும்

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று யோஷிதாவின் ஆதரவாளர்கள் சொன்னார்கள். சரணாகதி என்று எதிர்க்கட்சிகள் சாடின. இரண்டிலும் உண்மை உண்டு.

அவர் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. தைபே உடன்படிக்கை, சியாங் அரசின் ஆளுகையில் அப்போது இருக்கும் பகுதிகளுக்கும் இனிமேல் வரும் பகுதிகளுக்கும் மட்டுமே செல்லும் என்று எழுதி வாங்கிக்கொண்டார். பீகிங் ஆளும் பெருநிலப்பரப்பு அதில் அடங்கவில்லை. பாம்பும் சாகாமல் கம்பும் முறியாமல் செய்த ஏற்பாடு அது.

அரசாங்கம் கை கட்டி நின்றாலும் மக்கள் சும்மா இருக்கவில்லை. 1952-ல் ஹோஆஷி, டோமி கோரா என்ற அம்மையார், மியாகோஷி ஆகிய மூவர், மாஸ்கோ பொருளாதார மாநாட்டுக்குப் போக அரசு பாஸ்போர்ட் மறுத்தும், வேறு நாடுகள் வழியாகப் பயணம் செய்து பீகிங் போய்ச் சேர்ந்தனர். ஜூன் 1-ந் தேதி பக்கத்துக்கு 3 கோடி பவுன் மதிப்புள்ள தனியார் வர்த்தக ஒப்பந்தம் செய்தனர். தடைப் பட்டியல் குறுக்கே நின்றதால் அந்தத் தொகைக்கு வியாபாரம் நடக்கவில்லை. ஆனால் கதவு முழுக்கச் சாத்தப்படவும் இல்லை. சீனத் தாதுவை இழந்த ஜப்பானிய உருக்காலைகள் பிற நாடுகளைத் தேடின. கோவாவின் இரும்புத் தாது கப்பல் கப்பலாக ஜப்பானுக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே 1952 டிசம்பரில் இலங்கை வேறு வழியில் போயிற்று. அமெரிக்காவின் கெடுபிடியை மீறிச் சீனாவோடு ரப்பருக்கு அரிசி என்று ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தது. அமெரிக்க உதவி நின்றது, அரிசி வந்தது. ஆனால் இலங்கை மண்ணில் அமெரிக்க ராணுவம் இல்லை. யோஷிதாவின் வாசலில் இருந்தது.

இரண்டாவது கடிதம்

1954 டிசம்பரில் பதவி விலகிய யோஷிதா, ஓய்சோ கடற்கரை வீட்டில் ஓய்வாக இருந்தார். ஆனால் அவர் வளர்த்துவிட்ட இகேடாவும் சாட்டோவும் அடுத்தடுத்துப் பிரதமர்களாயினர். சீனாவுக்குச் செயற்கை நூல் ஆலை ஒன்றை அரசு வங்கிக் கடனுடன் விற்க இகேடா அரசு 1963-ல் அனுமதித்தது. தைவான் கொதித்தது. சமாதானம் செய்ய 1964 பிப்ரவரியில் 85 வயது யோஷிதா தைபே போய் வந்தார். மே மாதம், அப்படிப்பட்ட விற்பனைக்கு இனி அரசு வங்கிக் கடன் கிடையாது என்ற பொருளில் தைவானுக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு அந்தக் கடிதத்தை மதித்துச் சாட்டோ அரசு கடன் மறுக்க, சீனா ஒப்பந்தங்களை ரத்து செய்தது.

1967 அக்டோபர் 20-ந் தேதி யோஷிதா ஓய்சோவில் காலமானார். போருக்குப் பின் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்தப்பட்ட முதல் பிரதமர் அவரே.

கணக்குத் தீர்ந்த நாள்

1971 ஜூலை 15-ந் தேதி, தாம் பீகிங் போகப் போவதாக அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் அறிவித்தார். இருபது ஆண்டு அமெரிக்கா சொன்னபடி சீனாவிடமிருந்து விலகி நின்ற ஜப்பானுக்கு, அறிவிப்புக்குச் சில நிமிடங்கள் முன்புதான் தகவல் வந்தது. ஜப்பானியப் பிரதமர் சாட்டோ, யோஷிதாவின் சீடர்.

அடுத்த ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி புதிய பிரதமர் டனாகா பீகிங்கில் உறவை ஏற்படுத்தி முடித்தார். அன்றே தைபே உடன்படிக்கை முடிந்ததாக ஜப்பான் அறிவித்தது.

தம் நாட்டின் விடுதலைக்காக யோஷிதா கொடுத்த விலை அந்தக் கடிதம். நாடு விடுதலையான பின்னும் இருபது ஆண்டு அந்தக் கடனை ஜப்பான் அடைத்துக்கொண்டே இருந்தது. கடன் கொடுத்தவனோ, தன் காரியம் என்று வந்ததும் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சீனா மாஸ்கோவை விட்டுப் பிரியும் என்ற யோஷிதாவின் கணிப்பு பலித்தது. அதை வைத்து முதலில் பயனடைந்தது மட்டும் ஜப்பான் அல்ல.