எல்லாரும் விட்டுப் போனபோது… (சாது சுந்தர் சிங்)

 

பக்கத்துல உட்காருற ஃப்ரெண்ட் ரெண்டு நாள் பேசலைன்னாலே நமக்குச் சாப்பாடு இறங்காது. பெற்ற அப்பாவே வீட்டை விட்டுப் போகச் சொன்னால் எப்படி இருக்கும்? அதுவும் பதினைந்து வயசில்? அப்படி ஒரு பையனின் வாழ்க்கையைத்தான் இந்த மாதம் எழுத எடுத்திருக்கிறேன். அவர் பெயர் சாது சுந்தர் சிங்.

1889-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி பஞ்சாபில் ராம்பூர் என்ற கிராமத்தில் வசதியான சீக்கியக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா பெயர் ஷேர் சிங். அம்மா மிகவும் பக்தி உள்ளவர். மகன் ஒரு சாதுவாக வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. ஏழு வயதிலேயே பகவத் கீதை அவருக்கு மனப்பாடம்.

பதினான்கு வயதில் அம்மா இறந்துவிட்டார். அதன்பிறகு அவருக்கு மனசில் நிம்மதியே இல்லை. ஊரில் இருந்த மிஷன் பள்ளியில் பைபிள் பாடம் நடத்துவார்கள். அது அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. 1904 டிசம்பரில் ஒருநாள் வீட்டு முற்றத்தில் பைபிளைக் கிழித்துத் தீ வைத்தார். எதுக்கு இந்தப் பைத்தியக்கார வேலை என்று அவர் அப்பாவே கண்டித்தாராம்!

எரித்தும் மனம் ஆறவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, உண்மையான கடவுள் தனக்கு வழி காட்ட வேண்டும் என்று ஜெபம் செய்தார். காட்டாவிட்டால் ஐந்து மணி ரயில் முன்னால் விழுந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அந்த நேரத்தில் இயேசு கிறிஸ்துவைத் தரிசனமாகக் கண்டதாகக் கடைசி வரை அவர் சொல்லி வந்தார். ரயிலுக்குப் போகவில்லை. நேராக அப்பாவிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டார்.

அங்கிருந்துதான் சோதனை ஆரம்பம். அப்பா கெஞ்சிப் பார்த்தார். பணக்கார உறவினர் ஒருவர் தன் சொத்தையெல்லாம் காட்டி ஆசை காட்டினார். எதற்கும் அவர் மசியவில்லை. சீக்கியர்களுக்கு முடி எவ்வளவு முக்கியம் என்று நமக்குத் தெரியும். அவர் அதை வெட்டிக்கொண்டதும் வீட்டில் இனி இடமில்லை என்று ஆகிவிட்டது. அன்றிரவு ஒரு மரத்தடியில் குளிரில் கிடந்தார். கிளம்பும்போது கொடுத்த உணவில் விஷம் கலந்திருந்ததாக அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ரோப்பர் என்ற ஊரில் இருந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் போய் விழுந்தார். டாக்டரே கைவிட்ட பிறகும் பிழைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் நான் ஒன்று சொல்ல வேண்டும். அவர் அப்பாவைக் கெட்டவர்னு நான் எழுத மாட்டேன். மனைவியை இழந்தவர், இப்போ மகனையும் இழந்துட்டோமேன்னு அவருக்கும் வலித்திருக்கும். அதை சுந்தர் சிங் புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். ஏன் என்று பின்னால் தெரியும்.

1905 செப்டம்பர் 3, அவருடைய பதினாறாவது பிறந்தநாள். அன்று சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றார். அடுத்த மாதமே காவி உடை உடுத்தி, கையில் புதிய ஏற்பாட்டுடன் வெறுங்காலோடு கிளம்பினார். பையில் ஒரு காசு கிடையாது. முதலில் எங்கே போனார் தெரியுமா? தன்னை விரட்டிய அதே ராம்பூருக்கு! அம்மா ஆசைப்பட்ட மாதிரி சாதுவாகத்தான் ஆனார், ஆனால் கிறிஸ்தவ சாதுவாக.

சபாத்து என்ற மலை ஊரில் தொழுநோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். 1908 முதல் இமயமலையைத் தாண்டித் திபெத்துக்குப் போய்வரத் தொடங்கினார். 1909-ல் லாகூர் இறையியல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே உடன் படித்தவர்கள் அவரைக் கேலி செய்தார்கள். காவியைக் கழற்றி போதகர் உடை போட வேண்டும், குறிப்பிட்ட எல்லைக்குள்தான் பிரசங்கம் செய்ய வேண்டும் என்று சபையில் சொன்னபோது, பிரசங்கம் செய்யும் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீடும் இல்லை, கல்லூரியும் இல்லை. ஆனாலும் விசுவாசத்தை விடவில்லை.

1918-ல் தமிழ்நாடு, திருவிதாங்கூர், இலங்கை என்று வந்தார். கூட்டம் அலைமோதியது. பிறகு ஜப்பான், சீனா போய்விட்டு 1919-ல் ஊர் திரும்பினார். அப்போதுதான் அந்த ஆச்சரியம் நடந்தது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் விரட்டிய அப்பா, தானும் கிறிஸ்துவை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். மகன் இங்கிலாந்து போகக் கப்பல் செலவையும் அவரே கொடுத்தார். மகன் மனசில் கசப்பு இருந்திருந்தால் அந்தப் பணத்தை வாங்கியிருப்பாரா?

கதை இங்கேயே முடிந்திருந்தால் சினிமா மாதிரி இருக்கும். முடியவில்லை. ஐரோப்பாவில் அவர் புகழ் பரவிய பிறகு, அவர் சொன்ன திபெத் அனுபவங்களுக்கு சாட்சி எங்கே, அவர் பொய்யர் என்று சில கிறிஸ்தவ அறிஞர்களே எழுதினார்கள். ஹைலர் என்ற ஜெர்மன் பேராசிரியர் அவருக்காக வாதாடினார். அந்த விவாதம் முழுவதும் தீரவே இல்லை. வீட்டார் தள்ளியதைவிட இது அதிகமாக வலித்திருக்கும் என்பது என் எண்ணம். ஏனென்றால் இவர்கள் சொந்த மார்க்கத்துக்காரர்கள். அவரோ யார் மேலும் வழக்கும் போடவில்லை, ஊழியத்தையும் நிறுத்தவில்லை.

கடைசியில் உடம்பு மிகவும் கெட்டுப்போனது. இதயம் பலவீனம், கண்ணிலும் கோளாறு. போக வேண்டாம் என்று நண்பர்கள் தடுத்தார்கள். கேட்காமல் 1929 ஏப்ரலில் திபெத்துக்குப் புறப்பட்டார். திரும்பி வரவே இல்லை. தேடிப் போனவர்களுக்கு ஒரு தடயமும் கிடைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 39.

இவரைப் பற்றிப் படிக்கும் முன்னால், எல்லாரும் போன பிறகும் பிடிவாதமாக நிற்பதுதான் விசுவாசம்னு நினைச்சிருந்தேன். பிடிவாதம் எனக்கும் நிறைய இருக்கு! என்னோடு பேசாமல் போன தோழியிடம் நானும் மூன்று மாதம் பேசாமல் இருந்தேன். ஆனால் சுந்தர் சிங் நின்ற விதமே வேறு. விட்டுப் போனவர்கள் திரும்பி வந்தால் நுழைவதற்கு, மனசின் கதவைத் திறந்தே வைத்திருந்தார். அதுதான் கஷ்டம். அதுதான் கிறிஸ்து கற்றுக்கொடுத்தது என்றும் அவர் நம்பினார்.

இதை எழுதி முடித்த அன்று நானே முதலில் போய் அவளிடம் பேசினேன். அவள் இன்னும் சரியாகப் பேசவில்லை. பரவாயில்லை, காத்திருக்கிறேன். சாது பதினாலு வருஷம் காத்திருந்தாரே!

அன்புடன்,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி