கோடு

ஜனவரி ஒண்ணாம் தேதி ஸ்டேட்டஸ் எல்லாம் ஓட்டிப் பார்த்தீங்களா? ஃபோகஸ், டிசிப்ளின், கன்சிஸ்டன்சி. வருஷத்துக்கு ஒரே ஒரு வார்த்தை, அதைப் பிடிச்சுக்கிட்டு பன்னிரண்டு மாசம் ஓடணுமாம். ஐடியா நல்லாத்தான் இருக்கு. ஆனா கவனிச்சீங்கன்னா அத்தனையும் குணங்கள். ஒரு பொருளோட பெயரை யாருமே எழுதுறதில்லை.

கொடைக்கானலில் ஒருத்தர் இருந்தார். அவர் பெயர் ஜான் எவர்ஷெட். அவருக்கு ஒரு வார்த்தை எழுதணும்னா நான் 'கோடு'ன்னு எழுதுவேன். சூரிய ஒளியை ஸ்பெக்ட்ரமா பிரிச்சா நடுநடுவே மெல்லிசா கறுப்புக் கோடுகள் தெரியுமே, ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ் லேப்ல பார்த்திருப்பீங்க, அந்தக் கோடு.

1864-ல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பிறந்தவர். அவர் புரொபஷனல் விஞ்ஞானி கிடையாது என்பதை இங்கேயே சொல்லிடணும். லண்டனில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் சாம்பிள் டெஸ்ட் பண்ற வேலை. சம்பளத்துக்கு அது, மனசுக்கு சூரியன். 1890 வாக்கில் கென்லி என்ற ஊரில் சொந்தமா ஒரு சின்ன ஆய்வகம் வச்சு, கிடைச்ச நேரத்தில் எல்லாம் ஸ்பெக்ட்ரம் எடுத்தார். கையில் இருக்கிற ஆஃபர் லெட்டர் ஒண்ணு, பிடிச்ச துறை வேறொண்ணு என்று தூக்கம் வராம இருக்கிற ஃபைனல் இயர் மக்களே, இந்த வாழ்க்கையை அவர் கிட்டத்தட்ட பதினாறு வருஷம் வாழ்ந்தார்.

1896-ல் சூரிய கிரகணம் பார்க்க நார்வே வரைக்கும் போனார். மேகம் மூடி கிரகணம் போச்சு. ஆனா அந்தக் குழுவில் மேரி ஆக்வர்த் ஆர் என்ற பெண்ணைச் சந்தித்தார். அவரும் வானியல் ஆள்தான், தென்வானத்து நட்சத்திரங்களுக்கு ஒரு வழிகாட்டிப் புத்தகமே எழுதியவர். 1906-ல் கல்யாணம். அதே வருஷம் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் துணை இயக்குநர் வேலையும் கிடைச்சுது. வயசு 42.

அந்த ஆய்வகம் ஏன் பழனி மலைமேல வந்தது தெரியுமா? தாது வருஷப் பஞ்சம். 1876-ல் மழை பொய்த்து சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான ஜனங்க செத்தாங்க. சூரியனைப் புரிஞ்சுக்கிட்டா பருவமழையைப் புரிஞ்சுக்கலாமோ என்ற நம்பிக்கையும் சேர்ந்துதான், 1899-ல் சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் ஆய்வகம் தொடங்குச்சு. மழை ரகசியம் அதில் கிடைக்கலைங்கிறது வேற கதை. 1907 தொடக்கத்தில் எவர்ஷெட் தம்பதி வந்து சேர்ந்தப்போ மேலே போக பஸ் ரோடுகூட கிடையாது.

இப்போ விஷயத்துக்கு வருவோம். 1908-ல் அமெரிக்காவில் ஹேல், சூரியப் புள்ளிகளில் காந்தப்புலம் இருக்குன்னு கண்டுபிடிச்சார். புள்ளி என்பது ஒரு சுழல், தண்ணி வடியும்போது வர்ற சுழி மாதிரி என்பது அன்றைய எதிர்பார்ப்பு. சுழல்னா வாயு ஒரு பக்கம் நம்மை நோக்கி வரும், மறு பக்கம் விலகிப் போகும். டாப்ளர் எஃபெக்ட்படி கோடு சாயணும். எவர்ஷெட்டும் அதைத்தான் தேடினார்.

1909 ஜனவரி 5. புத்தாண்டு முடிஞ்சு நாலே நாள். கோடு சாய்ஞ்சுதான் இருந்தது, ஆனா தப்பான திசையில். சுழலா இருந்தா ஸ்லிட்டை எந்த வாக்கில் வச்சா சாயணுமோ அதில் சாயல. அதுக்குச் செங்குத்தான வாக்கில் சாய்ஞ்சுது. புள்ளியோட வட்டின் நடுவைப் பார்த்த ஓரம் நீலப் பக்கம் நகர்ந்திருக்கு, வெளி ஓரம் சிவப்புப் பக்கம். அப்படின்னா வாயு சுத்தல. புள்ளியின் நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் வெளியே, சூரியப் பரப்பை ஒட்டியே ஓடுது. வேகம் சுமார் நொடிக்கு 2 கிலோமீட்டர். ஒளி வேகத்தோட வகுத்துப் பாருங்க: அலைநீளத்தில் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்குதான் மாற்றம். போட்டோ பிளேட்டில், மைக்ரோஸ்கோப் வச்சு, கையால் அளந்தது. இன்னைக்கு டெக்ஸ்ட்புக்கில் இதுக்கு எவர்ஷெட் எஃபெக்ட்னு பேரு.

எனக்கு இதில் பிடிச்சதே, அவர் எதிர்பார்த்தது வரலைன்னு பிளேட்டைத் தூக்கிப் போடல என்பதுதான். 'சக்சஸ்'னு வார்த்தை வச்சிருந்தா அன்னைக்கு அது ஃபெயில்.

1911-ல் இயக்குநர் ஆனார், 1915-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். ஐன்ஸ்டீன் கணிச்ச சிவப்பு விலகல் சூரியக் கோடுகளில் தெரியுதான்னு வருஷக்கணக்கா அளந்தார். மேரி அந்த மலையில் இருந்துக்கிட்டே, கவிஞர் தாந்தேயின் வானியல் அறிவைப் பத்தி ஒரு புத்தகம் கொண்டு வந்தார். 1917-ல் ரெண்டு பேரும் சேர்ந்து சூரியத் தீப்பிழம்புகள் பற்றி ஒரு பெரிய அறிக்கை. மேரியைப் பத்தித் தனியா ஒரு கட்டுரையே எழுதலாம், யாராவது எழுதுங்க.

1923-ல் ஓய்வு. இங்கிலாந்துக்குத் திரும்பினவர் யூஹர்ஸ்ட் என்ற கிராமத்தில் மறுபடியும் சொந்தச் செலவில் ஒரு ஆய்வகம் கட்டினார். எண்பது வயசைத் தாண்டியும் அதே கோடுகளை அளந்துக்கிட்டு இருந்தார். 1956 நவம்பரில் இறந்தப்போ வயசு 92.