வந்தவரை அலையவிடாத ஆசான்

தாம்பரத்திலிருந்து பெசன்ட் நகர் சென்று, 1943இல் தொடங்கப்பெற்ற டாக்டர் உ.வே. சாமிநாதையர் நூல் நிலையத்தைக் கண்டுவந்த அன்பர்கள் நம் வட்டத்தில் பலர் இருப்பர். அங்குள்ள ஏடுகளைப் பார்க்குந்தோறும் எனக்கு ஐயரவர்களினும் அவர்தம் ஆசிரியரின் நினைவே முந்தி எழுகிறது. அவரே திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள்.

1815இல் பிறந்த பிள்ளையவர்களுக்குத் தந்தையார் சிதம்பரம் பிள்ளையே முதலாசிரியர். பதினைந்து வயதளவில் அவரையும் இழந்தார். அக்காலத்தில் ஏடு வைத்திருப்பவர் காட்டமாட்டார். காட்டுபவர் பொருள் சொல்லமாட்டார். தண்டியலங்காரம் கற்றிருந்த பரதேசி ஒருவர் பிச்சையெடுத்துத் திரிந்தார். இளைஞர் அவர் பின்னே தெருத்தெருவாய் நடந்தார். அவர் விரும்பிய கஞ்சாவையும் தேடி வாங்கிக் கொடுத்தே அந்நூலைப் பாடங்கேட்டார். பிற்காலத்தில் தம்மை நாடி வந்த ஒருவரையும் அவர் அலையவிடாததற்கு இளமையில் பட்ட இந்த அலைச்சலே காரணமாகலாம் என்று நான் கருதுவதுண்டு.

மாயூரத்தில் வாழ்ந்த காலத்தில் அவர் வீடு ஒரு பள்ளியாகவும் அன்னசாலையாகவும் இருந்தது. சம்பளம் என்ற பேச்சே இல்லை. கிறித்தவர் சவேரிநாத பிள்ளை, நாகூர்க் குலாம் காதிறு நாவலர், தியாகராச செட்டியார், 1871இல் பதினாறு வயதில் வந்து சேர்ந்த சாமிநாதையர் என மாணாக்கர் பல திறத்தினர். வந்தவர் அறிவுக்கேற்ற நூலை எடுத்து, அவருக்கு விளங்கும்வரை சொல்வார். சிறப்புப்பாயிரம் வேண்டி வந்தவரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. நாம் ஒரு நூலுக்கு அணிந்துரை எழுத எத்தனை மாதம் தவணை கேட்கிறோம்!

புராணங்கள் அரங்கேற்றிப் பெற்ற பொருள் மாணாக்கர் உணவிலும் பழைய கடனிலும் கரைந்தது. திருவாவடுதுறை மடத்தில் எல்லாச் சிறப்பும் பெற்ற அப்பெரும்புலவர், தம் வீட்டில் எண்ணெய் முழுக்குக்கு அமர்ந்து, எண்ணெய் இல்லாமல் காத்திருந்த நாளும் உண்டு. இதைப் புகழுமுன் சற்றே தயங்கவும் வேண்டும். அவருடைய ஈகையின் சுமையை வீட்டாரும் சேர்ந்தே தாங்கினர். அத்தனை பேருக்கும் உலைவைத்தவர்களை நாம் விழாக்களில் நினைப்பதில்லை.

1876 பிப்ரவரி முதல் நாள் திருவாவடுதுறையில் அவர் உயிர் பிரிந்தது. சவேரிநாத பிள்ளை அவரைத் தம்மேல் சாய்த்துத் தாங்கியிருந்தார். சாமிநாதையர் திருவாசகம் படித்துக்கொண்டிருந்தார். கடன் நின்றது. சொத்து என்று சொல்ல ஒன்றுமில்லை.

நான்காண்டுகள் கழித்துக் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற நேர்ந்தது. தம் இடத்துக்கு யாரை வைப்பது என்பதில் அவருக்கு ஐயமே எழவில்லை. ஒரே ஆசானிடம் பயின்ற இளையவராகிய சாமிநாதையருக்கே அதனைப் பெற்றுத் தரவேண்டுமென்று முன்னின்று முயன்று, 1880 பிப்ரவரியில் அமர்த்திவிட்டார். அவ்வாண்டு அக்டோபரில் அதே ஊரில் சேலம் இராமசாமி முதலியார் ஐயரைச் சந்தித்து, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று வினவினார். படித்ததில்லை. தேடத் தொடங்கினார், 1887இல் சிந்தாமணி அச்சேறியது.